ஹீலா செல்களும் ஹென்ரியேட்டா லாக்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல் வளர்ப்புக் கூடத்தில் வேலை பார்க்கிறவள் நான். புதிதாக வரும் மாணவர்களின் கையில் முதல் வாரமே ஒரு சின்னக் குப்பியைக் கொடுப்பேன். மூடியில் மார்க்கர் பேனாவால் ஹீலா என்று எழுதியிருக்கும். "இது யாருடையது?" என்று கேட்பேன். "கம்பெனி பேரா மேடம்?" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கதையைச் சொல்லத் தொடங்கினால் அன்றைக்கு வேலை நடக்காது, கேள்வி மேல் கேள்வியாக வரும். அந்தக் கேள்விகளையும், வீட்டிலும் வெளியிலும் பலர் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஹீலா என்றால் என்ன?

மனித உடம்பிலிருந்து எடுத்த செல்களுக்கு ஊட்டநீர் ஊற்றி, கண்ணாடிக் குழாயிலோ பிளாஸ்டிக் தட்டிலோ வளர்க்கலாம். சாதாரண செல்கள் கொஞ்ச காலம் பெருகும், பிறகு ஓய்ந்து செத்துவிடும். அப்படிச் சாகாமல் பெருகிக்கொண்டே போன முதல் மனிதச் செல் வரிசைதான் ஹீலா. 1951-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஒரு பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்தது. நோயாளியின் முதல் பெயரிலிருந்தும் குடும்பப் பெயரிலிருந்தும் இரண்டிரண்டு எழுத்தை எடுத்துக் குழாயில் எழுதுவது அந்த ஆய்வகத்தின் பழக்கம். ஹென்ரியேட்டா லாக்ஸ் அப்படித்தான் ஹீலா ஆனார்.

அவர் யார்?

1920 ஆகஸ்ட் 1 அன்று விர்ஜீனியா மாநிலத்தின் ரோனோக் நகரில் பிறந்தவர். நாலு வயதில் தாயைப் பறிகொடுத்தார். க்ளோவர் என்ற ஊரில் தாத்தாவிடம் வளர்ந்தார். அவர்கள் குடியிருந்த மரக்கட்டை வீடு, முன்னொரு காலத்தில் அடிமைகளை வைத்திருந்த குடில். புகையிலை வயல்தான் பிழைப்பு. சின்ன வயதிலிருந்து கூடவே வளர்ந்த உறவுக்காரர் டேவிட் லாக்ஸை 1941-ல் மணந்தார். அப்புறம் இரும்பாலை வேலைக்காகக் குடும்பம் பால்டிமோர் பக்கத்தில் டர்னர் ஸ்டேஷன் என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்தது. ஐந்து பிள்ளைகள். மூத்த மகள் எல்சிக்கு மூளை வளர்ச்சிக் குறைபாடு. கறுப்பின நோயாளிகளுக்கென்று இருந்த ஒரு மனநல மருத்துவமனையில் அவளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. தாய் இறந்து நாலு வருடத்தில், 15 வயதில், அவளும் அங்கேயே இறந்துபோனாள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பாடப் புத்தகங்களில் அவர் பல வருடம் வெறும் நாலு ஆங்கில எழுத்தாகத்தான் இருந்தார். கொஞ்ச காலம் அதுகூடச் சரியாக இல்லை. பத்திரிகைகள் "ஹெலன் லேன்" என்றும் "ஹெலன் லார்சன்" என்றும் எழுதிக்கொண்டிருந்தன.

1951-ல் மருத்துவமனையில் என்னதான் நடந்தது?

கருப்பையில் ஏதோ முடிச்சுப் போல இருக்கிறது என்று ஹென்ரியேட்டா நெருங்கிய உறவுப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குளிக்கும்போது தானே தொட்டுப் பார்த்து, கட்டி இருப்பதை உறுதி செய்துகொண்டார். ஜனவரி 29 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார். மகளிர் நோய் மருத்துவர் ஹோவர்ட் ஜோன்ஸ் பார்த்தார், சதைப் பரிசோதனைக்கு அனுப்பினார், புற்றுநோய் என்று முடிவு வந்தது.

பிப்ரவரி தொடக்கத்தில் முதல் சிகிச்சை. மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். கதிர்வீச்சால் புற்றை அழிக்கும் ரேடியம் குழாய்களை உள்ளே வைத்துத் தைப்பதற்கு முன்னால், பணியில் இருந்த லாரன்ஸ் வார்ட்டன் என்ற மருத்துவர் இரண்டு துண்டுத் திசுவை வெட்டி எடுத்தார். ஒன்று கட்டியிலிருந்து, இன்னொன்று பக்கத்தில் இருந்த நல்ல சதையிலிருந்து. இரண்டும் நம் ஊர்ச் சில்லறைக் காசை விடச் சின்னவை. சதைப் பரிசோதனை ஏற்கெனவே முடிந்துவிட்டதால் நோயைக் கண்டுபிடிக்க இவை தேவைப்படவில்லை. சிகிச்சைக்கும் தேவைப்படவில்லை. இவை ஆராய்ச்சிக்குப் போயின. கருப்பை வாய்ப் புற்றுநோய் எப்படித் தொடங்குகிறது என்று ரிச்சர்ட் டெலிண்ட் என்ற மூத்த மருத்துவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதே மருத்துவமனையில் ஜார்ஜ் கை என்பவர் மனிதச் செல்லை எப்படியாவது வெளியே வளர்த்துவிட வேண்டும் என்று மனைவி மார்கரெட்டோடு சேர்ந்து பல வருடமாகப் போராடிக்கொண்டிருந்தார். டெலிண்ட் தன்னிடம் வரும் நோயாளிகளின் திசுவை ஜார்ஜுக்கு அனுப்புவது என்று இருவருக்கும் ஏற்பாடு.

கோழி ரத்தத்தின் பிளாஸ்மா, கன்றுக் கருவின் சாறு, தொப்புள்கொடி ரத்தம் எல்லாம் கலந்த ஊட்டநீரில் துண்டுகளை இட்டவர் மேரி குபிசெக் என்ற இளம் உதவியாளர். அதுவரை வந்ததெல்லாம் செத்துக்கொண்டிருந்ததால் அவர் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. நல்ல சதையின் செல்கள் செத்தன. கட்டியின் செல்கள் ஒரு நாளைக்கு ஒரு முறை இரட்டிப்பாயின.

ஹென்ரியேட்டாவுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. அந்த வருடமே அக்டோபர் 4 அன்று, 31 வயதில், அதே மருத்துவமனையில் இறந்தார். உடற்கூறாய்வு அறையில் அவர் கால் விரல்களில் உரிந்துபோன சிவப்பு நகச்சாயத்தைப் பார்த்தபோதுதான், இந்தச் செல்களெல்லாம் உயிரோடு இருந்த ஒரு பெண்ணுடையவை என்பதே தனக்கு உறைத்தது என்று குபிசெக் பல வருடம் கழித்துச் சொன்னார். எத்தனை முறை சொன்னாலும் இந்த இடத்தில் எனக்குக் குரல் கம்மிவிடும்.

அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டாரே, அது சம்மதம் இல்லையா?

போட்டார். ஆனால் அது அறுவைச் சிகிச்சைக்கான அனுமதிச் சீட்டு. எனக்குச் சிகிச்சை அளிக்கத் தேவையான அறுவை முறைகளைச் செய்துகொள்ளலாம், மயக்க மருந்து கொடுக்கலாம் என்பதுதான் அதன் சாரம். "உன் சிகிச்சைக்குத் தேவையில்லாத ஒரு துண்டை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பப் போகிறோம்" என்று அதில் இல்லை, வாயாலும் யாரும் சொல்லவில்லை.

சிகிச்சையைப் பற்றியே அவருக்கு எவ்வளவு சொன்னார்கள் என்று பாருங்கள். ரேடியம் வைத்த பிறகு இனிக் குழந்தை பிறக்காது. கடைசிக் குழந்தைக்கு அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இந்த விஷயம் அவருக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியவந்தது. முன்னாலேயே சொல்லியிருந்தால் இந்தச் சிகிச்சைக்கே சம்மதித்திருக்க மாட்டேன் என்று அவர் சொன்னது மருத்துவக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. உயிர் காக்கும் சிகிச்சையிலேயே இப்படியென்றால், ஆராய்ச்சிக்குத் துண்டு எடுப்பதைச் சொல்லவேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

அந்தக் காலத்தில் அதுதானே வழக்கம்? இன்றைய அளவுகோலை வைத்து அவர்களை அளக்கலாமா?

இந்தக் கேள்வியைத்தான் மாணவர்கள் அதிகமாகக் கேட்கிறார்கள். வழக்கம்தான், மறுக்கவில்லை. நோயாளியிடமிருந்து எடுத்த திசுவை வைத்துக்கொள்ள அனுமதி கேட்க வேண்டும் என்று 1951-ல் அமெரிக்காவில் சட்டம் இல்லை. ஜார்ஜ் கை பண ஆசை பிடித்தவரும் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் செல்களை இலவசமாக அனுப்பினார், அவற்றுக்குக் காப்புரிமை எடுக்கவில்லை.

ஆனால் "அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். தோன்றியிருக்கிறது. நோயாளிகளிடம் சொல்லாமல் நோய்க்கிருமிச் சோதனை செய்த விவகாரத்துக்குப் பிறகு, விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்காமல் சிகிச்சைக்குச் சம்பந்தமில்லாத எதையும் செய்யக்கூடாது என்று 1900-லேயே ஜெர்மனியின் பிரஷ்ய அரசு மருத்துவமனைகளுக்கு ஆணை அனுப்பியது. வயது வந்த, நல்ல மனநிலையில் உள்ள எந்த மனிதருக்கும் தன் உடம்பை என்ன செய்யலாம் என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று 1914-ல் நியூயார்க் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் எழுதியது. நாஜி மருத்துவர்களை விசாரித்த வழக்கின் முடிவில், 1947-ல், அமெரிக்க நீதிபதிகளே எழுதிய நியூரம்பெர்க் விதிகள் பத்தில் முதல் விதி, தானாக முன்வந்து தரும் சம்மதம் இல்லாமல் மனிதர்மேல் சோதனை கூடாது என்பது. ஹென்ரியேட்டா மருத்துவமனைக்குப் போனது அதற்கு நாலு வருடம் கழித்து. அந்த விதி நாஜிகளுக்கானது, நமக்கில்லை என்றே பல மருத்துவர்கள் நினைத்துக்கொண்டார்கள். தகவல் அறிந்து தரும் சம்மதம் என்ற சொல்லே அமெரிக்க நீதிமன்றத்தில் முதன்முதலாக எழுந்தது 1957-ல்தான்.

ஆக, யோசனை உலகில் இருந்தது. இலவச வார்டில் படுத்திருந்த ஏழைப் பெண்வரை அது இறங்கி வரவில்லை.

கறுப்பினப் பெண் என்பதால் சிகிச்சையில் குறை வைத்தார்களா?

இதில் நிதானமாகப் பேச வேண்டும். கறுப்பினத்தவரையும் ஏழைகளையும் அனுமதித்த மிகச் சில பெரிய மருத்துவமனைகளில் ஹாப்கின்ஸ் ஒன்று. ஆனால் அங்கேயும் கறுப்பினத்தவருக்குத் தனி வார்டு. ரேடியமும் அதற்குப் பிறகு எக்ஸ்ரே கதிர்வீச்சும் அன்றைக்கு எல்லோருக்கும் தந்த சிகிச்சைதான். நம் ஊரில் "கரண்ட் வைப்பது" என்கிறோமே, அதன் பழைய வடிவம். அவர் வயிற்றுத் தோல் கருகிப்போனது. இருபது வருடம் கழித்து அவருடைய கட்டியின் மாதிரியை மறுபடி பார்த்தபோது, முதலில் எழுதிய வகைப் புற்று அல்ல, வேறு வகை என்று தெரிந்தது. அன்றைக்கே தெரிந்திருந்தாலும் சிகிச்சை மாறியிருக்காது என்கிறார்கள் மருத்துவர்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. கோடைகாலத்தில் அவர் திரும்பத் திரும்ப வந்து வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். நோய் திரும்பியதற்கு அடையாளம் இல்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். சில வாரத்தில் கட்டி உடம்பெல்லாம் பரவியிருந்தது. திசு எடுத்ததால் அவர் சாகவில்லை, நோயால்தான் செத்தார். ஆனால் வலிக்கிறது என்று சொன்னவரை நம்பாததும், அவரிடம் கேட்காமல் எடுத்ததும் ஒரே பார்வையிலிருந்து வந்தவை என்றே நினைக்கிறேன். இலவச சிகிச்சை வாங்குகிறவர்கள் ஆராய்ச்சிக்குப் பயன்படுவது நியாயம்தான், அதுதான் அவர்கள் தரும் கட்டணம் என்ற எண்ணம் அன்றைய மருத்துவ உலகில் வெளிப்படையாகவே இருந்தது.

அவருடைய செல்கள் மட்டும் ஏன் சாகவில்லை?

அவருக்குப் புற்றை உண்டாக்கியது ஹெச்பிவி-18 என்ற வைரஸ். அதன் மரபணுக்கள் செல்லின் மரபணுத் தொகுப்புக்குள் புகுந்து, பெருகுவதைக் கட்டுப்படுத்தும் பிரேக்குகளைச் செயலிழக்கச் செய்துவிட்டன. ஒவ்வொரு முறை பிரியும்போதும் குரோமோசோம் முனை தேய்வதால்தான் சாதாரண செல்லுக்கு முதுமை வருகிறது. அந்த முனையை மறுபடி கட்டும் டெலோமெரேஸ் நொதி ஹீலாவில் ஓயாமல் வேலை செய்கிறது. நம் செல்லில் 46 குரோமோசோம் இருக்கும் இடத்தில் ஹீலாவில் 76 முதல் 80 வரை இருக்கும்.

இவற்றால் உலகத்துக்கு என்ன கிடைத்தது?

எல்லாவற்றையும் எழுத இடம் போதாது. ஹீலா இடம்பெறும் ஆய்வுக் கட்டுரைகளே ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

1952-ல் ஜோனாஸ் சால்க் போலியோ தடுப்பூசியை உருவாக்கிவிட்டார். அது வேலை செய்கிறதா என்று பார்க்க லட்சக்கணக்கான குழந்தைகளின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். ரத்தத்தையும் வைரஸையும் உயிருள்ள செல்கள்மேல் விட்டுத்தான் அதைப் பார்க்க முடியும். அதற்குக் குரங்குச் செல்கள் விலை கட்டுப்படியாகவில்லை. போலியோ வைரஸ் ஹீலாவை எளிதாகத் தொற்றும் என்பது தெரிந்ததும், அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி கல்வி நிலையத்தில் ஹீலாவை மொத்தமாக வளர்த்து அனுப்ப ஒரு கூடம் அமைத்தார்கள். அங்கே வேலை செய்த விஞ்ஞானிகளும் உதவியாளர்களும் கறுப்பினத்தவர்கள். உச்சத்தில் வாரத்துக்குச் சுமார் 20,000 குழாய்கள் போயின. இன்று போலியோ இல்லாத ஊரில் நாம் வாழ்வதில் அவர்களின் உழைப்புக்கும் பங்கு உண்டு.

அதே ஊரில், அதே நேரத்தில், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை வேறொன்றையும் நடத்திக்கொண்டிருந்தது. சிபிலிஸ் நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களுக்கு நோயின் பெயரைச் சொல்லாமல், பெனிசிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் என்ன செய்கிறது என்று 1932 முதல் 1972 வரை வேடிக்கை பார்த்தார்கள்.

ஹீலா செல்களை மற்ற நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. செஸ்டர் சௌத்தம் என்ற நியூயார்க் புற்றுநோய் ஆராய்ச்சியாளர் 1954-ல் தொடங்கினார். புற்றுச் செல்லை உடம்பு எப்படி எதிர்க்கிறது என்பது அவருடைய கேள்வி. கேள்வி நல்லதுதான். அவர் செய்தது, ஏற்கெனவே புற்றுநோயால் அவதிப்படுகிறவர்களின் கையில் ஹீலாவை ஊசியால் ஏற்றியது. உங்கள் எதிர்ப்புச் சக்தியைச் சோதிக்கிறோம் என்று மட்டும் அவர்களிடம் சொன்னார். ஊசி போட்ட இடத்தில் கட்டி முளைத்தது. சிலருக்கு வெட்டி எடுத்த பிறகும் திரும்ப வந்தது. பிறகு ஒஹாயோ சிறைக் கைதிகளுக்குப் போட்டார். அவர்களுக்கு என்ன போடுகிறார்கள் என்பது தெரியும், முன்வந்துதான் கை நீட்டினார்கள். சிறைக்குள் இருப்பவர் முன்வருவது எவ்வளவு தூரம் சுதந்திரமானது என்பது வேறு கேள்வி.

1963-ல் புரூக்ளினில் ஒரு நாட்பட்ட நோய் மருத்துவமனையில் 22 வயோதிக நோயாளிகளுக்கு உயிருள்ள புற்றுச் செல்களைப் போட ஏற்பாடானது. புற்றுநோய் என்ற சொல்லையே நோயாளிகளிடம் உச்சரிக்கக் கூடாது, பயந்துவிடுவார்கள் என்றார் சௌத்தம். அங்கே வேலை பார்த்த மூன்று இளம் மருத்துவர்கள், கேகன், லைக்டர், ஃபெர்ஸ்கோ, ஊசியைத் தொட மறுத்தார்கள். மூவரும் யூதர்கள். நாஜி முகாம்களில் நடந்தவை அவர்களுக்குப் பழங்கதை இல்லை. வேறொருவர் ஊசி போட்டார். மூவரும் வேலையை ராஜினாமா செய்தார்கள்.

அந்த மருத்துவமனையின் நிர்வாகக் குழுவில் இருந்த வில்லியம் ஹைமன் என்ற வழக்கறிஞர் நீதிமன்றம் போனதால்தான் விஷயம் வெளியே வந்தது. சௌத்தத்துக்கும் அந்த மருத்துவமனையின் மருத்துவ இயக்குநருக்கும் உரிமத்தை ஒரு வருடம் முடக்கத் தீர்ப்பானது. உடனே அதையும் நிறுத்திவைத்து, கண்காணிப்பில் மட்டும் வைத்தார்கள். சில வருடங்களில் சௌத்தம் அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கத்தின் தலைவரானார்.

இந்த விவகாரம் ஒரு நல்லதையும் செய்தது. 1966 முதல், அரசுப் பணத்தில் மனிதர்மேல் செய்யும் எந்த ஆராய்ச்சியையும் ஒரு குழு முன்கூட்டிப் பரிசீலிக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு விதித்தது. இன்றைக்கு எங்கள் மாதிரி ஆய்வகங்கள் நெறிமுறைக் குழு முன்னால் கைகட்டி நிற்பதன் தொடக்கம் அங்கேதான். படிவம் நிரப்பி அலுத்துப்போன மாணவர்களிடம் அந்த மூன்று மருத்துவர்களின் பெயரைத்தான் சொல்வேன்.

குடும்பத்துக்கு எப்போது தெரிந்தது?

1973-ல். இருபத்திரண்டு வருடம் கழித்து. அதுவும் தற்செயலாக. மூத்த மகன் லாரன்ஸின் மனைவி ஒரு தோழி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை செய்த ஒருவர் அங்கே வந்திருந்தார். லாக்ஸ் என்ற பெயரைக் கேட்டதும், எங்கள் ஆய்வகத்தில் அந்தப் பெயருள்ள பெண்ணின் செல்கள் இருக்கின்றன, ஹாப்கின்ஸில் இறந்தவர் என்றார். மாமியாரின் ஏதோ ஒன்று உயிரோடு இருக்கிறது என்று அந்த மருமகள் வீட்டுக்கு ஓடினார்.

அதே சமயத்தில்தான் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்களும் அவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். காரணம் வேறு. ஹீலா வீரியமான செல். கையுறையிலோ பிப்பெட்டிலோ ஒரு துளி ஒட்டிப் பக்கத்துத் தட்டில் விழுந்தால், அங்கே இருந்ததை அமுக்கிவிட்டுத் தான் வளர்ந்துவிடும். வெவ்வேறு ஆட்களுடையவை என்று நம்பிய 18 செல் வரிசைகளை ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியல் ஆராய்ச்சியாளர் 1966-ல் பரிசோதித்தபோது, அனைத்திலும் ஹீலாவின் அடையாளமே இருந்தது. எது ஹீலா, எது இல்லை என்று பிரித்தறிய ஹென்ரியேட்டாவின் மரபணு அடையாளங்கள் வேண்டும், அதற்குப் பிள்ளைகளின் ரத்தம் தேவைப்பட்டது. ஹாப்கின்ஸின் மரபியல் மருத்துவர் விக்டர் மெக்கூசிக்கின் குழு வந்து ரத்தம் எடுத்துப் போயிற்று. தாய்க்கு வந்த புற்றுநோய் நமக்கும் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள் என்றே குடும்பம் நினைத்தது. மகள் டெபோரா முடிவுக்காகக் காத்திருந்தார். அம்மா செத்த வயதை அவர் நெருங்கிக்கொண்டிருந்தார். முடிவு வரவே இல்லை, ஏனென்றால் அப்படி ஒரு சோதனையே நடக்கவில்லை. அவர் கேள்வி கேட்டபோது மெக்கூசிக் தன் மரபியல் புத்தகம் ஒன்றில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதில் அம்மாவின் புகைப்படம் இருந்தது.

முதல் தவறு 1951-ல் நடந்தது, அதைக் காலத்தின் மேல் போடலாம். 1973-ல் நியூரம்பெர்க் விதிகள் வந்து 26 வருடம், மனிதர்மேல் செய்யும் ஆராய்ச்சிக்கு உலக மருத்துவச் சங்கம் வகுத்த ஹெல்சிங்கி பிரகடனம் வந்து 9 வருடம். அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அரைமணி நேரம் பேசியிருந்தால் முடிந்திருக்கும். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

குடும்பத்துக்குப் பணம் கிடைத்ததா?

பல வருடம் ஒரு டாலர்கூட இல்லை. செல்களை வளர்த்து விற்கும் நிறுவனங்கள் உண்டு, பிள்ளைகளில் சிலருக்கு மருத்துவக் காப்பீடுகூட இருக்கவில்லை. 2010-ல் அவர் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கி, பேரப்பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவச் செலவுக்கும் உதவி வருகிறார்கள். 2021 அக்டோபரில் குடும்பத்தார், ஹீலாவை விற்றுவந்த தெர்மோ ஃபிஷர் சயின்டிஃபிக் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார்கள். 2023-ல் அது சமரசத்தில் முடிந்தது. தொகை ரகசியம். அறிவித்த நாள் ஆகஸ்ட் 1, ஹென்ரியேட்டாவின் 103-வது பிறந்தநாள்.

என் உடம்பிலிருந்து எடுத்தது எனக்குச் சொந்தமில்லையா?

அமெரிக்காவில் இதற்குப் பதில் சொன்ன பெரிய வழக்கு ஜான் மூர் வழக்கு. ரத்தப் புற்றுக்காக 1976-ல் மண்ணீரலை எடுத்தார்கள். பிறகு பல வருடம் அவரை வரவழைத்து ரத்தமும் பிறவும் எடுத்தார் மருத்துவர். அதிலிருந்து ஒரு செல் வரிசை உருவாக்கி 1984-ல் காப்புரிமையும் வாங்கியாயிற்று. மூர் வழக்குப் போட்டார். 1990-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், எடுத்த செல்லின்மேல் நோயாளிக்குச் சொத்துரிமை இல்லை என்றது. ஆனால் மருத்துவருக்கு அதில் ஆராய்ச்சி ஆதாயமோ பண ஆதாயமோ இருந்தால், சம்மதம் வாங்குவதற்கு முன்பே நோயாளியிடம் சொல்லியாக வேண்டும் என்றும் சொன்னது. சொத்துரிமைத் தீர்ப்பில் எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டாவது பாதி பொன்னான வரி.

2013-ல் மறுபடி பிரச்சினை வந்ததாமே?

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகர ஆய்வகம் ஒன்று ஹீலாவின் முழு மரபணு வரிசையை இணையத்தில் போட்டது. ஹென்ரியேட்டாவின் மரபணு என்றால் அது பேரப்பிள்ளைகளின் மரபணுவும்தான். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். பிறகு அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தின் தலைவர் ஃபிரான்சிஸ் காலின்ஸ் குடும்பத்தாரை நேரில் சந்தித்துப் பேசினார். அந்த ஆகஸ்டில் ஒப்பந்தமானது. தரவு வேண்டும் என்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டும், பரிசீலிக்கும் குழுவில் லாக்ஸ் குடும்பத்தாரும் இருப்பார்கள். ஆராய்ச்சி நிற்கவில்லை. கேட்டால் வேலை கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்களிடம் இதைச் சொல்வேன்.

இந்தியாவில் நிலைமை என்ன?

இங்கேயும் ஹீலா இருக்கிறது. புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தில் கேட்டு வாங்கலாம். சம்மதத்தைப் பொறுத்தவரை, ஒன்றுக்கு வாங்கிய சம்மதத்தை இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளில் திசு, ரத்த மாதிரிகளைச் சேமிப்பது பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. பெயரை நீக்கிய மிச்ச மாதிரிகள் போன்ற சிலவற்றுக்கு, சம்மதம் வாங்குவதிலிருந்து நெறிமுறைக் குழு விலக்குத் தரலாம்.

தாளில் இருப்பது இது. நடப்பதை ஒரு சம்பவத்தால் சொல்கிறேன். அத்தைக்குக் கழுத்தில் கட்டி. சதைப் பரிசோதனைக்கு ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். சம்மதப் படிவம் நாலு பக்கம், முழுக்க ஆங்கிலம். "எல்லாரும் போடறதுதான் மேடம், கீழ ஒரு கையெழுத்து" என்றார் படிவத்தை நீட்டிய பெண். மூன்றாம் பக்கத்தில், மிச்சத் திசுவைப் பாடம் நடத்தவும் ஆராய்ச்சிக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு வரி. அத்தையிடம் தமிழில் படித்துச் சொன்னேன். "எடுத்து என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "படிப்புக்குன்னா வச்சுக்கட்டும்மா. கேட்டா வேண்டாம்னா சொல்லப்போறேன்?" என்றார். கையெழுத்துப் போட்டார். மொத்தம் நாலு நிமிடம் ஆகியிருக்கும்.

ஹீலாவைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிடலாமே?

சில மாணவர்கள் மனம் நொந்து இப்படிக் கேட்பார்கள். குடும்பத்தார் அதைக் கேட்கவில்லை. அம்மாவின் செல்கள் உலகத்துக்கு உதவுவதில் அவர்களுக்குப் பெருமை. கேட்காமல் எடுத்ததிலும் மறைத்ததிலும்தான் வருத்தம். 2021-ல் உலக சுகாதார அமைப்பு ஹென்ரியேட்டாவுக்கு அளித்த விருதை, 87 வயது மகன் லாரன்ஸ் ஜெனீவா போய் வாங்கிக்கொண்டார். க்ளோவரில் குறியில்லாமல் கிடந்த ஹென்ரியேட்டாவின் புதைகுழிக்கு, ஜார்ஜ் கையிடம் பயின்ற ரோலண்ட் பட்டிலோ என்ற மருத்துவர் 2010-ல் கல்லறைக் கல் வைத்துக் கொடுத்தார்.

எங்கள் கூடத்தில் குறிப்பேட்டில் செல்லின் பெயரை எழுதும் இடத்தில், ஹீலா என்பதற்குப் பக்கத்தில் ஹென்ரியேட்டா லாக்ஸ், 1951 என்றும் எழுத வேண்டும். நான் வைத்த விதி. யாரும் இதுவரை மறுத்ததில்லை.

நானோ என் வீட்டாரோ சதைப் பரிசோதனைக்குப் போனால் என்ன கேட்க வேண்டும்?

எடுப்பதில் எவ்வளவு நோயைக் கண்டுபிடிக்க, எவ்வளவு வேறு வேலைக்கு என்று கேளுங்கள். மிச்சத்தை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், பெயரோடா, பெயர் நீக்கியா, வேறு நிறுவனத்துக்குப் போகுமா, விற்பனைக்கு ஏதாவது உருவானால் சொல்வார்களா என்று கேளுங்கள். ஆராய்ச்சிக்கு மாட்டேன் என்று சொன்னாலும் சிகிச்சை குறையக் கூடாது. சம்மதப் படிவத்தைத் தமிழில் கேட்பது உங்கள் உரிமை. திசுவை வைத்துப் பார்த்த கண்ணாடிச் சில்லும் (ஸ்லைடு), திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியும் (பிளாக்) பின்னால் வேறு மருத்துவரிடம் காட்டத் தேவைப்படும், அவற்றை எப்படித் திரும்பப் பெறுவது என்றும் அன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.